கம்பெனியே இல்லாத காரை வாங்கலாமா? (பழைய சாப் 9-3)

புதுப்பனி (கோத்தன்பர்க்)

வணக்கம். ஸ்வீடனுக்கு வந்து பதினோரு மாதம் ஆகிறது. போன குளிர்காலத்தில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நின்றதே போதும் என்று வீட்டில் உத்தரவு வந்துவிட்டது. அதனால் பழைய கார் தேடுகிறேன்.

பக்கத்துத் தெருவில் ஒரு பெரியவர் தன் 2008 சாப் 9-3 வேகனை 22 ஆயிரம் குரோனாவுக்குத் தருகிறேன் என்கிறார். ஓட்டிப் பார்த்தேன். அந்த சீட்டில் உட்கார்ந்தால் எழுந்திருக்க மனசு வரவில்லை. சாவி போடும் இடத்தைத்தான் கொஞ்ச நேரம் தடவிக்கொண்டிருந்தேன். பெரியவர் சிரித்துவிட்டார். அது ஸ்டீயரிங் பக்கத்தில் இல்லை, இரண்டு சீட்டுக்கும் நடுவில் இருக்கிறது.

கேள்விகள் இரண்டு. கம்பெனியே மூடிவிட்ட காரை வாங்குவது புத்திசாலித்தனமா? அப்புறம், இது ஏன் மூடியது? ஆபீசில் கேட்டால் ஒருவர் 2008 பொருளாதாரச் சரிவு என்கிறார், இன்னொருவர் அமெரிக்காக்காரன் கொன்றுவிட்டான் என்கிறார். அதே சரிவில் இதே நாட்டு வோல்வோ தப்பித்துவிட்டதே?

தேவகோட்டையான் (கனெக்டிகட்)

முதல் கேள்விக்கு ஸ்வீடனில் இருப்பவர்கள் பதில் சொல்லட்டும். இரண்டாவது கேள்விக்கு நான் கொஞ்சம் சொல்ல முடியும். 2006-லிருந்து 2010 வரை இங்கே ஒரு சாப் டீலர் கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். கடைப் பெயர் வேண்டாம்.

சரிவு எல்லாரையும்தான் அடித்தது. அமெரிக்காவில் 2007-ல் ஒரு கோடியே 60 லட்சம் வண்டிகள் விற்றன, 2009-ல் ஒரு கோடியே 4 லட்சம். மூன்றில் ஒரு பங்கு போயிற்று. சாப் என்ன ஆனது? இங்கே 2008-ல் 21 ஆயிரம், அடுத்த வருடம் 9 ஆயிரத்துக்கும் கீழே. உலகக் கணக்கும் அதே மாதிரிதான். 2006-ல் 1,33,000 கார் விற்ற கம்பெனி 2009-ல் 40 ஆயிரத்தைத் தொடவில்லை. மற்றவர்களைவிட இவ்வளவு ஆழமாக விழுந்ததற்குக் காரணம் ஜனங்கள் கையில் காசில்லாதது மட்டுமல்ல. காசு இருந்தவர்களும் பயந்துவிட்டார்கள்.

எங்கள் கடைக்கு வருகிறவர்கள் யார் என்று சொன்னால் புரியும். பேராசிரியர்கள், டாக்டர்கள், கட்டட வரைபடம் போடுகிறவர்கள். நியூ இங்கிலாந்து பக்கம் சாப் என்றாலே அந்தக் கூட்டம்தான். விளம்பரத்தைப் பார்த்து வாங்குகிறவர்கள் இல்லை, படித்து யோசித்து வாங்குகிறவர்கள். பேப்பரையும் அவர்கள்தான் முதலில் படிப்பார்கள். 2008 டிசம்பர் 2 அன்று, வாஷிங்டனில் உதவி கேட்டுப் போன, சாப்பின் சொந்தக்காரரான அமெரிக்க ஜெனரல் மோட்டார்ஸ் (ஜி.எம்.), தன் திட்டத்தில் சாப்பை என்ன செய்யலாம் என்று பரிசீலிக்கிறோம் என்று எழுதியது. கைகழுவப் போகிறார்கள் என்று எல்லாருக்கும் விளங்கிவிட்டது. மறுவாரமே கடையில் போன் மணி குறைந்தது. 2009 பிப்ரவரி 20-ல் ஸ்வீடன் நீதிமன்றத்தில் கடன் மறுசீரமைப்புக்கு மனுப் போட்டார்கள். அதற்குப் பிறகு வந்தவர்களில் பாதிப்பேர் கார் பார்க்க வரவில்லை, துக்கம் விசாரிக்க வந்தார்கள்.

இங்கே டீலர் தன் கைக்காசில் கார் வாங்கி நிறுத்துவதில்லை. ஃப்ளோர் பிளான் என்று ஒரு கடன் உண்டு. வண்டி டீலர் பேரில் பதிவான நாள் முதல் ஒவ்வொன்றுக்கும் வட்டி ஓடும். விற்றால் அசலை அடைத்துவிட வேண்டும். விற்காமல் மாதக்கணக்கில் நின்றால், நிற்கிற வண்டிக்கே அசலில் ஒரு பகுதியைக் கட்டு என்பார்கள். தேவகோட்டையில் பிறந்தவனுக்கு வட்டி ஒன்றும் புதுசில்லை. ஆனாலும் பனிக்கு அடியில் கிடந்து வட்டி குட்டி போடுவதை அங்கேதான் பார்த்தேன்.

அந்த டிசம்பரில் கடைக்குப் பின்னால் 41 வண்டிகள். கடன் கொடுத்தவர்கள் சார்பில் ஒருவர் சொல்லாமல் கொள்ளாமல் வந்து, வண்டி இருக்கிறதா, விற்றுவிட்டுக் காசைக் கட்டாமல் இருக்கிறோமா என்று சேஸிஸ் நம்பரை ஒவ்வொன்றாகச் சரிபார்ப்பார். நம்பர் முன்கண்ணாடிக்கு அடியில், ஓட்டுகிறவர் பக்கத்து மூலையில் இருக்கும். முழங்கால் அளவு பனி. நான் துடைப்பத்தால் தள்ளிக்கொண்டே போக, அவர் டார்ச் அடித்துப் படித்து, காகிதத்தில் டிக் போட்டுக்கொண்டே வந்தார். ரிமோட்டை அழுத்தினால் பாதி வண்டிகள் வாயே திறக்கவில்லை. நின்று நின்று பேட்டரி செத்துப்போயிருந்தது. 41-ம் சரியாக இருந்தன. சரியாக இருந்ததே எங்கள் கஷ்டம்!

ஓய்வுபெற்ற பேராசிரியை ஒருவர், அதுவரை நான்கு சாப் வாங்கியவர். 2009 மார்ச்சில் வந்து 9-3-ல் உட்கார்ந்தார். சாவியை நடுவில் போட்டுத் திருப்பினார், ரேடியோவைத் திருகினார், பிறகு இறங்கி என் மேஜைக்கு வந்து, "ஐந்து வருடம் கழித்து இதற்குக் கதவுப் பிடி உடைந்தால் யாரிடம் போவேன்?" என்று கேட்டார். விற்பனைப் பையன் ஏதேதோ சொன்னான். நான் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு வாரம் கழித்து தன் பழைய சாப்பின் பனிக்கால டயர்களை விற்க முடியுமா என்று கேட்டு வந்தார். வந்தது சுபாருவில். அந்த வருடம் சுபாரு இங்கே 2,16,000 கார் விற்றது, முந்தைய வருடத்தைவிட 28 ஆயிரத்துக்கும் மேல் கூடுதல். சரிவு வருடத்திலேயே! எங்கள் ஆட்கள் எங்கே போனார்கள் என்று நான் ஆராய்ச்சி செய்ய வேண்டியிருக்கவில்லை.

அவருடைய பயம் லீஸ் கணக்கிலும் நுழைந்தது. எங்கள் வியாபாரத்தில் லீஸ்தான் பெரும்பங்கு, அதாவது வண்டியை வாங்காமல் மூன்று வருட வாடகைக்கு எடுப்பது. மூன்று வருடம் கழித்து வண்டி என்ன விலை போகும் என்று கடன்காரன் ஒரு எண்ணை ஊகிப்பான். குறைகிற மதிப்பைத்தான் மாத வாடகையாக வாங்குவான். 32 ஆயிரம் டாலர் வண்டி பாதி விலை போகும் என்றால் வட்டி நீங்கலாக மாதம் 444 டாலர். கம்பெனி இருக்குமோ இருக்காதோ என்ற சந்தேகத்தில் அந்த ஊகத்தை 36 சதவீதம் என்று வைத்தால் 569. அதே கார், அதே சீட். மாதம் 125 டாலர் கூடுதல். அதே காசுக்கு ஜெர்மன் காரே எடுக்கலாமே என்பார்கள், எடுத்தார்கள். சரி, தள்ளுபடி கொடுத்து விற்போம் என்று விலையைக் குறைத்தால் பழைய சாப்பின் மறுவிலையும் கூடவே இறங்கும். அடுத்தவனின் ஊகம் இன்னும் கீழே போகும்.

ஜி.எம். மேல் கோபம் உண்டா என்றால் உண்டு. 1990-ல் பாதியை 60 கோடி டாலருக்கு வாங்கி, 2000-ல் மீதியையும் எடுத்துக்கொண்டு, புது மாடலுக்குக் காசு போடாமல் சுபாரு இம்ப்ரெஸா மேல் சாப் சின்னத்தை ஒட்டி 9-2எக்ஸ் என்றார்கள். ஷெவர்லே ட்ரெயில்பிளேசரை எடுத்து, சாவியை மட்டும் சீட்டுக்கு நடுவில் நகர்த்தி 9-7எக்ஸ் என்றார்கள். எங்கள் வாடிக்கையாளர்கள் அதைப் பார்த்துக் கேலி செய்தார்கள். 2008 கோடையில் இங்கே பெட்ரோல் கேலன் 4 டாலரைத் தாண்டியபோது அந்தப் பெரிய வண்டியை ஓட்டிப் பார்க்கக்கூட ஆள் இல்லை. ஆனால் ஒன்று. அவர்கள் கையில் இருந்த காலத்தில் சாப் பெரும்பாலும் நட்டம்தான். இருபது வருடம் நட்டத்தைக் கட்டியவனைக் கொலைகாரன் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போக ஒரு கணக்குப்பிள்ளைக்கு மனசு வராது.

வோல்வோ தப்பியது ஏன்? சொந்தக்காரர் ஃபோர்டு திவாலாகவில்லை. ஆற அமர ஆள் பார்த்து 2010-ல் சீனாவின் ஜீலியிடம் கொடுத்தது. அளவும் வேறு. மோசமான அந்த 2009-லேயே வோல்வோ 3,30,000-க்கு மேல் விற்றது. சாப்பை விற்ற ஜி.எம். தானே 2009 ஜூன் 1-ல் திவால் மனுக் கொடுத்த ஆள். வாங்க முன்வந்தது கோனிக்செக், வருடத்துக்கு விரல்விட்டு எண்ணுகிற அளவு கார் செய்கிறவர்கள். நவம்பரில் அவர்களும் பின்வாங்கினார்கள். கடைசியில் 2010 தொடக்கத்தில் வந்தது நெதர்லாந்தின் ஸ்பைக்கர். அதுவும் அதே அளவுக் கடைதான்.

நான் அந்த வருடமே கிளம்பிவிட்டேன். 2011 டிசம்பரில் சாப் திவாலானபோது இங்கே வாரண்டி நின்றது. ஜி.எம். தன் காலத்து வண்டிகளுக்கு மட்டும் பொறுப்பேற்றது. நம்பி, ஸ்பைக்கர் காலத்துப் புது வண்டி வாங்கியவர்கள் நடுத்தெருவில் நின்றார்கள். அந்தப் பேராசிரியையை அப்போது நினைத்துக்கொண்டேன்.

வேனர்ன் கரை (வேனர்ஸ்போரி)

கணக்கர் ஐயா சொன்னது சரி. இந்தக் கரையில் நடந்ததை நான் சொல்கிறேன். 89-ல் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவன். ட்ரோல்ஹேத்தான் எனக்குப் பக்கத்து ஊர், சாப் தொழிற்சாலை அங்கேதான். நான் அவர்களுக்குச் சாமான் கொடுத்த ஒரு சின்ன நிறுவனத்தில் கனகாலம் வேலை செய்தேன்.

ஸ்பைக்கர் வந்த நேரம் ஊரே சந்தோஷப்பட்டது, பொய் சொல்லக் கூடாது. காரில் சாப் கொடியைக் கட்டிக்கொண்டு ஊர்வலம் போனார்கள். 2010-ல் 50 ஆயிரத்துக்கு மேல் விற்கலாம் என்று கணக்குப் போட்டார்கள். 32 ஆயிரமும் வரவில்லை. புது 9-5 நல்ல கார்தான், ஆனால் வாங்கினவர் குறைவு. 2011 ஏப்ரலில் வேலை நின்றது. கார் விற்காததால் எங்களுக்குக் காசு வரவில்லை, காசு வராததால் நாங்கள் சாமான் அனுப்பவில்லை, சாமான் இல்லாமல் அங்கே பெல்ட் ஓடவில்லை. காலையில் லொறியில் ஏற்றிவைத்த பெட்டிகளை மத்தியானம் திரும்ப இறக்கினோம். அப்படி மூன்று முறை. மூன்றாம் முறை இறக்கும்போது ஒருவரும் கதைக்கவில்லை.

கோடையில் அவர்களுக்குச் சம்பளம் பிந்தியது. தொழிற்சங்கங்களே செப்டம்பரில் திவால் மனுக் கொடுக்கும் நிலைக்கு வந்தது. சீன நிறுவனங்கள் காசு போட வந்தன, ஆனால் தங்கள் தொழில்நுட்பம் அவர்கள் கைக்குப் போக ஜி.எம். சம்மதிக்கவில்லை. டிசம்பர் 19, திங்கட்கிழமை, எங்கள் ஊர் நீதிமன்றத்தில் கதை முடிந்தது. மூவாயிரத்துக்கு மேற்பட்டவர்களுக்கு நத்தாருக்கு ஆறு நாள் முன்பு வேலை போனது. எங்கள் நிறுவனம் அதற்கு முன்பே ஆட்களைக் குறைத்துவிட்டது, நானும் அதில் ஒருவன். பிறகு பஸ் ஓட்டப் படித்தேன். இப்பவும் அதுதான்.

இனி கார் விஷயம். தம்பி, எடுக்கலாம், ஆனால் கண்ணை மூடிக்கொண்டு எடுக்காதேங்கோ. உதிரிப்பாகத்துக்குப் பயமில்லை, பாகப் பிரிவு திவாலில் போகாமல் தனியாக நின்றது. பிறகு ஓரியோ என்ற பெயரில் நீஷெப்பிங்கில் இருந்து அனுப்பினார்கள், இப்ப அது ஹெடின் நிறுவனத்தின் கையில் இருக்கிறது. உடலின் சில தகடுகள், உள்ளே சில பிளாஸ்டிக் சாமான் கிடைப்பதுதான் வில்லங்கம். அடிப்பக்கத்தை ஏற்றிப் பார்க்கவும், இங்கே வீதியில் போடும் உப்பு இரும்பைத் தின்றுவிடும். கடைசி பெசிக்ட்னிங் (வாகனப் பரிசோதனை) தாளைக் கேட்டு வாங்கிப் படிக்கவும். பின்னால் 1.8டி என்று எழுதியிருந்தால் உள்ளே இருப்பது 2 லிட்டர் எஞ்சின், பயப்பட வேண்டாம். சாவி போடும் இடத்தில் கோப்பி ஊற்றாதேங்கோ, அதைத் திருத்துவதற்கு நல்ல செலவு. நான் இன்னும் 2005 9-5 ஓட்டுகிறேன், 3,80,000 கிலோமீட்டர்.

மறைமலைநகர் மணி

எங்கள் வீட்டில் ஃபோர்டு ஃபிகோ. 2021 செப்டம்பரில் இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துகிறோம் என்று அறிவித்த மறுநாள், தெருவில் நாலு பேர் வந்து "என்ன சார், வண்டியைத் தள்ளிவிடலையா?" என்று கேட்டார்கள். அதற்கு முந்தின நாள் வரை அதே ஆட்கள் நல்ல வண்டி சார் என்றவர்கள்தான். தேவகோட்டையார் சொன்ன பயம் இதுதான் போல. சர்வீஸ் இன்றும் கிடைக்கிறது, விலை மட்டும் அன்று விழுந்தது விழுந்ததுதான். எனக்கு சாப் என்றால் போர் விமானம் மட்டும்தான் தெரியும், கார் செய்தார்கள் என்பதே இன்றுதான் தெரியும்.

தேவகோட்டையான்

மணி, விமானக் கம்பெனிதான் முதலில் கார் செய்தது. இப்போது அந்தக் கம்பெனி நன்றாகவே இருக்கிறது. கார்ப் பிரிவுதான் 1990-ல் தனியாகப் பிரிந்து இந்தப் பாடு பட்டது. புதுப்பனி, இரவில் ஓட்டும்போது நைட் பேனல் பட்டனை ஒருமுறை அழுத்திப் பாருங்கள். வேகமானி தவிர எல்லா விளக்கும் அணைந்துவிடும். விமானக்காரன் புத்தி.

புதுப்பனி

எல்லாருக்கும் நன்றி. சனிக்கிழமை வாங்கிவிட்டேன். அடியில் துரு கொஞ்சம்தான், பெசிக்ட்னிங் தாளும் பார்த்தேன். 20 ஆயிரத்துக்கு முடிந்தது. நைட் பேனலை அழுத்தியதும் வண்டி நின்றுவிட்டது என்று மனைவி கத்திவிட்டாள்.

பெரியவர் சாவி கொடுக்கும்போது டிக்கியிலிருந்து ஒரு அட்டைப்பெட்டியை எடுத்துத் தந்தார். கம்பெனி மூடிய வாரம் கடைக்கு ஓடிப்போய் வாங்கி வைத்தாராம். பல்புகள், ஒரு பெல்ட், இரண்டு ஃபில்டர், எல்லாம் பிரிக்காமல் அப்படியே இருக்கிறது. அதில் ஒன்று மட்டும் என்னவென்று தெரியவில்லை. ஒரு முழம் நீளத்தில் கறுப்புப் பெட்டி, அடியில் நான்கு கால்கள். 9-3-ல் இது எங்கே போகும்?

வேனர்ன் கரை

எங்கேயும் போகாது தம்பி. அது 9-5-இன் இக்னிஷன் கேசட், எஞ்சினுக்குத் தீப்பொறி கொடுக்கிற சாமான். அவரிடம் முன்பு 9-5 இருந்திருக்கும். எறிந்துவிடாதேங்கோ. ஞாயிற்றுக்கிழமை எனக்கு வேலை இல்லை, நான் அந்தப் பக்கம் வந்து எடுக்கிறேன். என்ன விலை என்று சொல்லவும்.