குழுவைப் பார்த்துத் திறக்கும் கோப்புறை: 'அணுகல்' போதுமா?

வியாசர்பாடியிலிருந்து, தொழிற்பயிற்சி ஆசிரியர்:

அன்புடையீர், வணக்கம். வருகிற திங்கட்கிழமைக்குள் செய்முறை ஏட்டின் ஒரு பாடத்தைத் தமிழில் முடித்துத் தர வேண்டியிருக்கிறது. சர்வரில் உள்ள பகிர்வுக் கோப்புறையை யார் யார் திறக்கலாம் என்று தனித்தனியாகப் பெயர் எழுதி வைக்காமல், அவர்கள் எந்தப் பயனர் குழுவில் இருக்கிறார்கள் என்பதைக் கொண்டு தீர்மானிக்கும் முறையே பாடம். கோப்புகளைப் பகிர உதவும் 'சம்பா' (Samba) மென்பொருளின் அமைவுக் கோப்பில், யார் யார் திறக்கலாம் என்று குறிக்கும் 'வேலிட் யூசர்ஸ்' (valid users) வரியில் குழுவின் பெயருக்கு முன் '@' குறி இட்டுவிட்டால், பின்னால் கணக்குப் பிரிவுக்கு வருகிற புதியவரை அந்தக் குழுவில் சேர்ப்பதோடு வேலை முடிந்துவிடும். இதற்குக் 'குழுசார் அணுகல் கட்டுப்பாடு' என்று எழுதினேன். "அணுகல்னா பக்கத்துல போறதா, உள்ள போறதா சார்?" என்று ஒரு மாணவன் கேட்டான். எனக்கு விடை வரவில்லை. வேறு சொல் உண்டா?

திருவொற்றியூரிலிருந்து, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

மாணவனின் ஐயம் நல்ல ஐயம். ஆனால் குற்றம் சொல்லில் இல்லை. தஞ்சைப் பெரிய கோயிலில் 'அணுக்கன் திருவாயில்' என்று ஒரு வாயிலுக்குப் பெயர். அணுக்கன் என்பவன் அருகில் வந்து நிற்பவன் மட்டுமல்லன். நெருக்கமானவன் என்ற உரிமையால் உள்ளே செல்பவன். இன்ன கூட்டத்தைச் சேர்ந்தவன் என்பதே நுழைவுக்குப் போதுமான சீட்டு என்னும் உங்கள் பாடத்தின் கருத்து அந்த வாயிலின் பெயரிலேயே கிடக்கிறது. ஆகவே 'அணுக்கம்' என்க. 'குழு'வையும் நான் மாற்றுவேன். சிலப்பதிகாரம் ஐம்பெருங்குழுவையும் எண்பேராயத்தையும் பிரித்தே பேசுவதால், கூட்டம் என்னும் பொருளில் 'ஆயம்' நமக்குக் கைவசம் இருக்கிறது. 'ஆய அணுக்கம்' என்றால் சுருக்கமும் உண்டு, செறிவும் உண்டு. 'கட்டுப்பாடு' மிகை, எல்லாருக்கும் திறந்த வாயிலை யாரும் அணுக்கன் வாயில் என்பதில்லை.

ராயபுரத்திலிருந்து, சரக்கு நிறுவனம் ஒன்றின் நெட்வொர்க் பணியாளர்:

ஐயா பொறுத்தருள வேண்டும். துறைமுகத்தை அண்டிப் பிழைக்கும் எங்கள் அலுவலகத்தில் 'ஆயம்' என்று எழுதினால் தீர்வை கட்டச் சொல்கிறார்கள் என்றே எடுத்துக்கொள்வார்கள்.

சொல்லைத் தேடுமுன் அது எதைக் குறிக்க வேண்டும் என்பதை உறுதி செய்துகொள்வோம். விண்டோஸ் சர்வரில் வாயில்கள் இரண்டு: பகிர்வுக்கு இட்ட அனுமதி ஒன்று, கோப்புறையின் மேலேயே இட்ட அனுமதி மற்றொன்று. துறைமுக வாயிலில் சீட்டைக் காட்டி உள்ளே போனவருக்கும் கிடங்கின் பூட்டு தனியாக இருப்பதைப் போன்றது இது. நெட்வொர்க் வழியே வருபவருக்கு இரண்டில் எது கடுமையோ அதுவே நடப்பில் நிற்கும். பகிர்வில் முழு உரிமை கொடுத்திருந்தாலும் கோப்புறையில் படிக்க மட்டும் விட்டிருந்தால் அவரால் படிக்கத்தான் முடியும். எனவே ஒவ்வொரு வாயிலிலும் கொடுப்பது 'அனுமதி', எல்லாம் சேர்ந்து கடைசியில் கிடைப்பது 'அணுகல்' என்று இரு சொற்களையும் பிரித்து ஆள வேண்டும். இரண்டையும் ஒன்றாகக் குழப்பும் கையேடுகளால்தான் எங்களுக்குப் பாதித் தொலைபேசி அழைப்புகள் வருகின்றன.

மீதிப் பாதி, "குழுவில் சேர்த்தும் திறக்கவில்லை" என்பதாக இருக்கும். பயனர் உள்நுழையும்போதே அவருடைய குழுக்களின் பட்டியல் அவர் கையில் கொடுக்கப்பட்டுவிடுகிறது. பிறகு சேர்த்தது, அவர் வெளியேறி மீண்டும் நுழைந்தால்தான் பட்டியலில் ஏறும். ஏட்டில் எந்தச் சொல்லைப் போட்டாலும் இந்த வரியை விட்டுவிட வேண்டாம்.

கொருக்குப்பேட்டையிலிருந்து, மொழிபெயர்ப்பாளர்:

ராயபுரத்து நண்பர் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். 'மறுப்பு' வேறு, 'அனுமதியின்மை' வேறு. ஒரு குழுவுக்கு அனுமதி இல்லையென்றால், அந்த உறுப்பினருக்கு இன்னொரு குழு வழியாக அது கிடைக்கலாம்; அதே கோப்புறையில் நேரடியாக மறுப்பு இட்டுவிட்டாலோ, இன்னொரு குழு தந்ததையும் அது வெட்டிவிடும். எனக்கு வந்த ஒரு மூலத்தில் இரண்டுக்கும் 'தடை' என்றே போட்டிருந்தார்கள். பெயரைப் பொறுத்தவரை, 'சார்' என்னும் ஒட்டு எதற்கும் ஒட்டிக்கொள்கிறது. குழுவின் வழியாகக் கிடைப்பதால் 'குழுவழி அணுகல்' என்று வைக்கலாமே. 'கடவு' என்றும் யோசித்தேன். கடவுச்சொல்லோடு மாணவர்கள் குழப்பிக்கொள்வார்கள் என்று விட்டுவிட்டேன்.

திருவொற்றியூரிலிருந்து மீண்டும்:

கடவு என்றதும் நினைவுக்கு வந்தது. மலையாளத்தில் அது படகுத்துறையைக் குறிக்கும். கட என்னும் வேரிலிருந்து கடவு, கடவுள், கடப்பாடு ஆகியவற்றை வரிசையாக விளக்கித் தனி மடல் எழுதுகிறேன். 'கடிசொல் இல்லைக் காலத்துப் படினே' என்று தொல்காப்பியரே இடம் கொடுத்திருப்பதால் 'குழுவழி'யை நான் தடுக்கவில்லை. ஆனால் ஆயம் வரி என்பதற்காக அதைத் தள்ளுவீர்களானால், வரி என்ற சொல்லுக்கே கோடு என்றும் பொருள் உண்டே, அதை என்ன செய்வீர்கள்?

வியாசர்பாடியிலிருந்து:

அனைவருக்கும் நன்றி. நேரமில்லாமையால் 'குழுவழி அணுகல்' என்றே அச்சுக்குக் கொடுத்துவிட்டேன். அனுமதி, அணுகல், மறுப்பு மூன்றையும் பிரித்து ஒரு பத்தி சேர்த்தேன். வெளியேறி மீண்டும் நுழையும் வரியைத் தடித்த எழுத்தில் போட்டிருக்கிறேன். கேள்வி கேட்ட மாணவனிடம் அணுக்கன் திருவாயிலைப் பற்றிச் சொன்னேன். "அப்போ வாசல் சார், நான் ஆக்சஸ்னே எழுதிக்கறேன்" என்றான்.

திருவொற்றியூரிலிருந்து:

அச்சிடுமுன் ஒன்று. உடம்படுமெய் பெற்றுக் 'குழுவழியணுகல்' என்று சேர்த்தெழுதுவதே முறை. 'அணுக்கம்' பற்றிய என் கருத்து மாறவில்லை.