ஹெச்எஸ்வி-2 ஐஜிஜி 1.38: இருக்கிறதா, இல்லையா?

அல்சூர்வாசி:
வணக்கம். தை மாதம் எனக்குத் திருமணம். அதற்கு முன் இருவரும் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளலாம் என்று நானே யோசனை சொல்லி, பெங்களூருவில் வீட்டுக்கே வந்து இரத்தம் எடுக்கும் ஓர் ஆய்வகத்தில் பதிவு செய்தேன். மற்றவை எல்லாம் சரியாக இருக்க, ஹெர்பிஸ் என்ற கொப்புள நோய்க்கான பக்கத்தில் மட்டும் ஹெச்எஸ்வி-1 (பெரும்பாலும் உதட்டில் கொப்புளம் தரும் ஹெர்பிஸ் வைரஸ்) ஐஜிஜி 24, ஹெச்எஸ்வி-2 (பெரும்பாலும் அந்தரங்க உறுப்பில் வருவது) ஐஜிஜி 1.38 என்று தடித்த எழுத்தில் அச்சிட்டு, 1.1-க்கு மேல் பாசிடிவ் என்று ஓரத்தில் குறித்திருக்கிறார்கள். ஐஜிஜி என்பது வைரஸுக்கு எதிராக உடல் உருவாக்கும் எதிர்ப்பொருளாம். தொற்றின் தொடக்கத்தில் வரும் எதிர்ப்பொருள் என்று சொல்லப்படும் ஐஜிஎம்மை 1, 2 இரண்டுக்கும் சேர்த்துப் பார்த்ததில், அதுவும் பாசிடிவ். எனக்கு இதுவரை அந்தரங்க உறுப்பில் புண்ணோ கொப்புளமோ வந்ததில்லை. பத்து மாதங்களாக யாருடனும் உடலுறவும் இல்லை. அவளிடம் நான் என்னவென்று சொல்வது?

காவிரிக்கரையான்:
ஹெர்பிஸ் என்பது அக்கிதானே? எங்கள் ஊரில் குயவரிடம் போய்க் காவியால் எழுதிக்கொண்டால் இறங்கிவிடும் என்பார்கள்.

சோதனைக்குழாய்:
அக்கி வேறு, ஐயா. அது சின்னம்மை வைரஸ் உடலில் தங்கியிருந்து பின்னாளில் கிளம்புவது. அக்கியின் ஆங்கிலப் பெயரான ஹெர்பிஸ் சோஸ்டரிலும் ஹெர்பிஸ் இருப்பதால் வரும் குழப்பம் இது.

அல்சூர் நண்பருக்கு: நான் ஆய்வகத்தில் வேலை பார்த்தவன். முதலில் அந்த ஐஜிஎம்மை ஒதுக்கிவிடுங்கள். அது எந்த வகை வைரஸ் என்று பிரித்துச் சொல்லாது, பழைய தொற்று மீண்டும் தலைதூக்கும்போதும் பாசிடிவ் காட்டும் என்பதால், அதைப் பார்க்கவே வேண்டாம் என்பதுதான் நெறிமுறை. ஹெச்எஸ்வி-1 உங்களிடம் இருக்கிறது, ஆனால் அதில் வியப்பில்லை. உதட்டுக் கொப்புளம் உள்ள பெரியவர்களிடமிருந்து சிறுவயதிலேயே ஒட்டிக்கொள்வது அது, 50 வயதுக்குட்பட்ட உலக மக்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினரிடம் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது.

சிக்கல் அந்த 1.38-இல்தான். இரண்டு வைரஸ்களின் புரதங்களும் பெரும்பாலும் ஒத்திருக்க, கிளைக்கோபுரதம் ஜி என்ற ஒன்றில் உள்ள வேறுபாட்டை நம்பியே இந்தச் சோதனை இயங்குகிறது. ஹெச்எஸ்வி-1 உள்ளவர்களுக்கு ஹெச்எஸ்வி-2 வரியில் சிறிய எண் பொய்யாக எழுவது உண்டு. எனவேதான், 3.0-க்குக் கீழான பாசிடிவை வேறொரு முறையில் உறுதிசெய்ய வேண்டும் என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் 2021 வழிகாட்டி சொல்கிறது. தொற்றுக்குப் பிறகு எதிர்ப்பொருள் உருவாக 12 வாரம் வரை ஆகலாம். உங்களுக்குப் பத்து மாதம் கடந்துவிட்டதால், இன்னும் காத்திருக்கும் தேவை இல்லை. அதே கிட்டில், அதாவது அதே நிறுவனத்தின் சோதனைப் பொருள்களைக் கொண்டு, மறுபடி பார்ப்பதில் பயனில்லை. எந்த கிட் என்று ஆய்வகத்திடம் கேட்டு எழுதிக்கொண்டு, சிவாஜிநகர் பௌரிங் மருத்துவமனையின் தோல், பால்வினை நோய்ப் பிரிவு போன்ற ஓர் இடத்தில் மருத்துவரிடம் காட்டுங்கள்.

மல்லேஸ்வரம் மாமி:
என் மகளுக்கும் இதே கதைதான், தம்பி. 1.6 வந்து இரண்டு வாரம் சோறு இறங்கவில்லை. வேறு கிட்டில் பார்த்தபோது நெகடிவ். எப்போதாவது கொப்புளம் வந்தால், அது காய்வதற்குள் போய்ப் பஞ்சுக்குச்சியால் எடுத்து பிசிஆர் (வைரஸின் மரபணுவையே தேடும் சோதனை) பார்க்கச் சொல்லுங்கள் என்றார் மருத்துவர்.

அல்சூர்வாசி:
நன்றி. தாளை அவளிடமே காட்டிவிட்டேன்; "சரி, சனிக்கிழமை இரண்டு பேருமே போவோம்" என்றாள்.