இறுகின பைப்பும் ஜார் அடியும்

குளத்தடியான்: எங்கட வளவில குழாய்க் கிணறு அடிக்கேக்க ரொட் இறுகிப்போய் மெசின் அப்பிடியே நிக்குது. எண்ணெய்க் கிணறுகள் இதைவிட எவ்வளவோ ஆழமெல்லோ, அங்க இப்பிடி நடந்தா என்ன செய்வினம்? வெளிநாட்டில றிக்கில, அதான் எண்ணெய்க் கிணறு தோண்டுற மேடையில, நிண்டவை ஆராவது சொல்லுங்கோ.

பரந்தன்காரன்: வளைகுடாவில கன காலம் றிக்கில நிண்டனான் தம்பி. உடன இழுக்க வெளிக்கிடுறேல்ல. பம்பைப் போட்டு, தோண்டேக்க பைப்புக்குள்ளால அனுப்புற சேறு சுத்தி மேல வருதோ எண்டு பாப்பம். சேறு வருது, ஆனா பைப் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை, சுத்தவும் இல்லையெண்டா அது சுவரில ஒட்டீட்டுது. பைப்பை அசைக்காமல் விட்டா, சேற்றின்ர அழுத்தம் அதை மணல்படையோட அமத்திப் பிடிச்சிடும். அழுத்த வித்தியாசம் 500 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு 500 றாத்தல்), ஒட்டின இடம் 3 அங்குல அகலம், 30 அடி நீளம் எண்டு வையுங்கோ. உராய்வு 0.2 எண்டாலே பிடுங்க 49 தொன் வேணும். பைப்பின்ர சொந்தப் பாரம் வேற.

அதுக்குத்தான் ஜார், இறுகின பைப்பை உள்ளுக்கிருந்து அடிச்சு விடுவிக்கிற கருவி. கீழ, கொலர் எண்டுற கனமான தடிச்ச பைப்புகளுக்கு நடுவில முதலே பூட்டி இறக்கியிருப்பினம். இழுத்துப் பிடிச்சா உள்ளுக்கு இருக்கிற எண்ணெய் ஒடுங்கின வழியால மெல்ல மெல்லக் கசியும். ட்ரில்லர் பாரம் காட்டுற ஊசியையே பாத்துக்கொண்டு நிப்பார். சத்தமே இல்லை. திடீரெண்டு விடுபட்டு உள்ளுக்கு ஒரு அடி விழும், டெரிக், அதான் மேல நிக்கிற கோபுரம், முழுக்க ஆடும். அந்த நேரம் கீழ ஒருத்தரும் நிக்கக்கூடாது. அடிச்சு முடிய, மேல எந்த போல்ட் கழண்டிருக்கு எண்டு ஏறித் தேடுறது தனி வேலை. ஒட்டின இடத்துக்கு எண்ணெய்க் கலவை அனுப்பி ஊற விடுறதும் உண்டு.

நெடுங்கேணி மெசின்: அண்ணை சொல்லுறது சரி, ஆனா எங்களிட்ட ஜார் ஏது? ரொட் நுனியில காத்தால அடிக்கிற எங்கட ஹமர், அடியில முட்டினாத்தான் அடிக்கும், தூக்கினா காத்தை மட்டும் ஊதும். இந்தப் பக்கம் கருங்கல்லு கரைச்சல் தராது. மேல இருக்கிற உக்கின கல்லும் களியும்தான் சரியிறது. காசு மிச்சம் எண்டு கேசிங்கை, அதான் மண் சரியாமல் இறக்கிற வெளிக்குழாயை, அரைவாசியில நிப்பாட்டினா, ஹமருக்கு மேல மண் இறங்கி மூடும். தம்பி, காத்து மேல வருதோ?

குளத்தடியான்: இல்லை அண்ணை. மெசின்காரர் ஜக் வைச்சு இழுக்கப் போறாராம்.

நெடுங்கேணி மெசின்: வேண்டாம் எண்டு சொல்லுங்கோ! ரொட்டின்ர மரை கழண்டா ஹமரோட எல்லாம் கீழ. பிறகு விழுந்த ரொட்டில மரை வெட்டிப் பிடிக்கிற டேப்பை இறக்கித் தடவ வேணும்.

பரந்தன்காரன்: தூக்கேக்க இறுகினதெண்டா கீழ்ப்பக்கமாத் தட்டிச் சுத்திப் பாக்கச் சொல்லுங்கோ. றிக்கில கடைசி வழி, இறுகின இடத்தைக் கண்டுபிடிச்சு, இடப்பக்கம் முறுக்கிப் பிடிச்சுக்கொண்டு சின்ன வெடியால பைப் பொருத்தின இடத்தைக் கழட்டுறது. மேல்பாதியை எடுத்துப்போட்டு, ஓவர்ஷொட் எண்டுற, வெளிப்பக்கத்தால பிடிக்கிற கருவியை இறக்கி மிச்சத்தைக் கவ்வுறது.

நெடுங்கேணி மெசின்: வெடிக்கதையை மெசின்காரரிட்ட எடுக்காதேங்கோ, எங்கட மண்ணுக்குள்ள கிடக்கிறதே காணும். பெரிய கொம்பிரசர் ஒண்டு பிடிச்சு, நுரை விட்டு, காத்து வழி திறக்குதோ எண்டு பாக்கச் சொல்லுங்கோ. கேசிங் எத்தினை அடி இறக்கினவை எண்டு கேட்டு எழுதுங்கோ.