[உதவி] காப்பர் புல்லட்: 150ஆ 180ஆ? இன்னைக்கு ராத்திரிக்குள்ள சொல்லணும்

எச்எஸ்ஆர்_கார்த்தி
வணக்கம் மக்களே. அடுத்த மாசம் நமீபியா போறேன். மச்சான் அங்கே வேலையில இருக்கார், ஒரு பண்ணையில வேட்டைக்குப் பேசி வெச்சிருக்கார். அங்கே ஈயம் இல்லாத முழுக் காப்பர் குண்டு மட்டும்தான் அனுமதியாம். கடையில 150 கிரெய்னும் (குண்டோட எடை) இருக்கு, 180ம் இருக்கு. எதை வாங்கச் சொல்றது? ரைஃபிள் அவங்களே தருவாங்க. கடை மூடறதுக்குள்ள பதில் சொல்லணும், ப்ளீஸ்.

ஜெயநகர்_பாபு
ரைஃபிள் எந்தத் தோட்டா அளவு? .308ஆ, .30-06ஆ, .300 வின்செஸ்டர் மேக்னமா? என்ன விலங்கு, எவ்வளவு தூரம்? பேரல் நீளம், ட்விஸ்ட் (குண்டைச் சுழல வைக்கிற உள்வரி எத்தனை அங்குலத்துல ஒரு சுத்து வருதுங்கிறது) தெரியுமா? எந்த கம்பெனி தோட்டா? இது எதுவும் இல்லாம எதைச் சொல்ல?

கனமே_பலம்
180 எடுங்க ப்ரோ, யோசிக்கவே வேண்டாம். பெரிய மிருகத்துக்குக் கனமான குண்டுதான். எலும்பை உடைச்சு உள்ளே போக எடை வேணும்.

ரேஞ்ச்_மாஸ்டர்
மாசத்துக்கு ஒருத்தர் இதே கேள்வியோட வர்றீங்க. அடிப்படையைப் படிச்சுட்டு ரைஃபிளைத் தொடுங்க. கனம் அவர்களே, நீங்க சொல்றது ஈயக் கணக்கு. ஈயக் குண்டு உள்ளே போய்ச் சிதறி எடையில ஒரு நல்ல பங்கை இழக்கும், அதனால கூட்டி எடுத்தாங்க. முழுக் காப்பர் நாலு இதழா விரியும், எடை ஏறக்குறைய அப்படியே நிக்கும். ஈயத்துல 180 சுடறவர் காப்பர்ல 150 இல்ல 168 எடுத்தாலே ஊடுருவல் குறையாது.

இன்னொண்ணு. ஈயத்தோட அடர்த்தி 11.34, காப்பர் 8.96. அதே எடைக்குக் காப்பர் குண்டு நீளமா இருக்கும். நீளமான குண்டை நிலையாப் பறக்க வைக்க வேகமான ட்விஸ்ட் வேணும். தோட்டாவுக்குள்ளயும் அது கூடுதல் இடம் பிடிக்கும், வெடிமருந்துக்கு இடம் குறையும், வேகம் குறையும். காப்பர் விரியறதுக்கு வேகம்தான் உயிர். படும்போது வினாடிக்கு 2000 அடிக்கு மேல இருக்கட்டும். 1800க்குக் கீழே போனா பென்சில் மாதிரி துளை போட்டுட்டு வெளியேறிடும், விலங்கு காயத்தோட ஓடும்.

எச்எஸ்ஆர்_கார்த்தி
சாரி, அவசரத்துல விட்டுட்டேன். .308 வின்செஸ்டர். குடு, ஓரிக்ஸ் ரெண்டும், மான் மாதிரி பெரிய விலங்குங்க. தூரம் 200 மீட்டருக்குள்ளன்னு சொன்னாங்க. 150 பார்ன்ஸ் டிடிஎஸ்எக்ஸ். 180 பெட்டியில "காப்பர் ஜாக்கெட், சாஃப்ட் பாயின்ட்"னு இருக்காம், விலை பாதிதான்.

ஜெயநகர்_பாபு
நல்லவேளை கேட்டீங்க. அந்த 180 காப்பர் குண்டே இல்ல கார்த்தி! உள்ளே ஈயம், மேல காப்பர் உறை. சாதாரண வேட்டைத் தோட்டா முக்கால்வாசி அப்படித்தான். பண்ணைக்காரர் திருப்பி அனுப்பிடுவார். குண்டோட நிறத்தைப் பார்த்து எதையும் முடிவு பண்ணாதீங்க. பெட்டியில ஈயம் இல்லாததுன்னு தெளிவா இருக்கணும், இல்லன்னா பெயரை வெச்சுப் பாருங்க: பார்ன்ஸ் டிஎஸ்எக்ஸ், டிடிஎஸ்எக்ஸ், ஹார்னடி சிஎக்ஸ், நாஸ்லர் ஈ-டிப், நார்மா எகோஸ்ட்ரைக், லாப்புவா நேச்சுரலிஸ்.

150 டிடிஎஸ்எக்ஸ் வாங்கச் சொல்லுங்க. பெட்டியில போட்டிருக்கும் வேகம் வினாடிக்கு 2820 அடி, அது 24 அங்குல பேரல்ல அளந்தது. வாடகை ரைஃபிள்ல பெரும்பாலும் 20 அங்குலமும் சத்தம் குறைக்கிற சப்ரஸரும் இருக்கும், அங்குலத்துக்கு 20, 25 அடி கழிச்சுக்குங்க. கழிச்சாலும் 200 மீட்டர்ல 2200க்கு மேல நிக்கும், தாராளம். நமீபியா சட்டப்படி குடு, ஓரிக்ஸுக்கு பேரல் முனையில குண்டுக்குக் குறைஞ்சது 2700 ஜூல் ஆற்றல் வேணும். .308க்கு 3300க்கு மேல வரும். வேற ரைஃபிள் தர்றோம்னு .243 நீட்டினா வேண்டாம்னு சொல்லுங்க, அது 2700ஐ ஒட்டியே நிக்கும்.

கனமே_பலம்
சரி, அப்போ 168 டிடிஎஸ்எக்ஸ் கிடைச்சா?

ரேஞ்ச்_மாஸ்டர்
எடுக்கலாம். 200 மீட்டருக்குள்ள வித்தியாசம் தெரியாது. கையில இருக்கிற 150ஐ விட்டுட்டுத் தேடி அலைய வேண்டியதில்ல.

மல்லேஸ்வரம்_வாசு
நூறு வருஷமா ஈயத்துலதானே சுட்டாங்க? கறி தின்னவன் எவனும் சாகல. இதெல்லாம் காப்பர் விக்கிறவன் கிளப்பிவிட்ட பயம்.

அல்சூர்_செந்தில்
நம்ம ஊர்ல பாறுக் கழுகு அழிஞ்சதே இந்த ஈயத்தாலதான் வாசு. கொஞ்சம் படிங்க.

கால்நடை_மீனா
செந்தில் சார், அது தப்பு. இந்தியாவுல பாறுக் கழுகைக் கொன்னது டைக்ளோஃபினாக். மாட்டுக்குப் போட்ட வலி மருந்து, செத்த மாட்டைத் தின்ன கழுகோட சிறுநீரகத்தை அழிச்சுது. கால்நடைக்கு அதை 2006ல தடை பண்ணினாங்க. ராமநகராவுல ராமதேவர பெட்டாவைச் சரணாலயமாக்க வேண்டி வந்தது கழுகு அவ்வளவு குறைஞ்சதாலதான்.

அதுக்காக வாசு சார் சொல்றதும் சரியாகிடாது. வேட்டையில ஈயம் பண்ற கேடு வேற வழி. சுட்ட விலங்கை எக்ஸ்ரே எடுத்தா ஈயத் துகள் காயத்தைத் தாண்டி வெகுதூரம் பரவியிருக்கும், கண்ணுக்குத் தெரியாது, வெட்டி எறிஞ்சும் போகாது. காட்டுல விட்ட குடலைக் கழுகு தின்னும், அதோட வயித்து அமிலத்துல ஈயம் கரைஞ்சு ரத்தத்துல ஏறும். கலிஃபோர்னியாவுல காண்டோர் கழுகு இப்படித்தான் செத்துது. அங்கே 2019 ஜூலை 1லிருந்து வேட்டைக்கு ஈயக் குண்டே கூடாது. கறியில ஈயம்னா குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும்தான் முதல் கேடு. "எவனும் சாகல"ங்கிறது அளவுகோலே இல்ல.

மல்லேஸ்வரம்_வாசு
காப்பரும் உலோகம்தானே மேடம். அது விஷம் இல்லையா?

கால்நடை_மீனா
அளவுக்கு மீறினா எதுவும் விஷம்தான். ஆனா காப்பர் குண்டு பெரும்பாலும் ஒரே துண்டா வெளியே போயிடுது, துகள் அதிகம் விழறதில்ல. விஷயம் அங்கேதான் இருக்கு.

புதியவன்_பிடிஎம்
இந்தியாவுல வேட்டை குற்றம் இல்லையா? 1972 வனவிலங்குச் சட்டம்?

ரேஞ்ச்_மாஸ்டர்
அவர் போறது நமீபியா. முதல் பதிவைப் படிங்க.

எச்எஸ்ஆர்_கார்த்தி
150 சொல்லியாச்சு, 3 பெட்டி. பண்ணைக்காரர் ட்விஸ்ட் 1:12ங்கிறார். பரவாயில்லையா?

ஜெயநகர்_பாபு
பரவாயில்ல. 150 அதுல நிலையாப் பறக்கும். விண்ட்ஹூக் பக்கம் 1,600 மீட்டருக்கு மேல இருக்கிற பீடபூமி, காற்று லேசு, அது இன்னும் சாதகம். 180 காப்பர்னா 1:12ல விளிம்புல நின்னிருக்கும்.

3 பெட்டியும் ஒரே லாட் நம்பரான்னு (ஒரே தடவையில தயாரிச்சதான்னு) மச்சானைப் பார்க்கச் சொல்லுங்க. போனதும் முதல்ல பேரலைச் சுத்தம் பண்ணச் சொல்லுங்க. முன்னாடி வேற குண்டு சுட்ட கசடு மேல காப்பர் சுட்டா குழு, அதாவது குண்டுகள் படற இடம், பிரிஞ்சு விழும். அம்மோனியா கலந்த சால்வென்ட் விட்டுத் துணி இழுத்தா நீலமா வரும், நீலம் நிக்கிற வரைக்கும் இழுக்கணும். சால்வென்ட்டை 15 நிமிஷத்துக்கு மேல உள்ளே விடக் கூடாது. அப்புறம் ரெண்டு மூணு சுட்டு விட்டுட்டு ஜீரோ (குறிக்கும் குண்டு படற இடத்துக்கும் பொருந்த வைக்கிறது) பாருங்க. 100 மீட்டர்ல குண்டு 4 முதல் 5 செ.மீ. மேலே படற மாதிரி வைங்க, 200 மீட்டர் வரை குறியை மாத்த வேண்டியதில்ல.

குறி வைக்கிறதுல ஒண்ணு. ஈயத்துக்குச் சொல்ற மாதிரி தோளுக்குப் பின்னாடி தள்ளி வைக்காதீங்க. பக்கவாட்டுல நிக்கும்போது முன்னங்காலோட நேரே மேலே போங்க, உடம்போட கீழ் மூணுல ஒரு பங்கு உயரத்துல தோளிலேயே வைங்க. ஓரிக்ஸுக்கு இதயம் ரொம்பத் தாழ்வா இருக்கும். காப்பர் எலும்பை உடைச்சு மறுபக்கம் வந்துடும், அதனால பின்னாடி இன்னொரு விலங்கு நின்னா சுடவே கூடாது. சுட்டதும் அடுத்த தோட்டாவை ஏத்திடுங்க. நுரையீரல்ல பட்டும் நூறு மீட்டர் ஓடலாம், நுரைச்ச ரத்தம் இருக்கான்னு தரையில பாருங்க. விழுந்த ஓரிக்ஸை முன்பக்கமா நெருங்காதீங்க, கொம்பு ஆளைக் குத்திடும்.

கனமே_பலம்
அங்கே மூணு கால் ஸ்டிக் மேல வெச்சு நின்னுக்கிட்டுதான் சுட வைப்பாங்க. போறதுக்கு முன்னாடி இங்கே ஏர் ரைஃபிள் ரேஞ்ச்ல அப்படியே நின்னு பழகிக்கோங்க ப்ரோ. படுத்துச் சுட்டு எடுத்த குழு அங்கே உதவாது.

எச்எஸ்ஆர்_கார்த்தி
நன்றி எல்லாருக்கும். லாட் ஒண்ணுதானாம்.

ஜெயநகர்_பாபு
பேரல் நீளம் இன்னும் சொல்லலயே கார்த்தி?