புதுப்பிப்பு: வேன் ஐடிலிங் ஏறி இறங்கியது சரியாகிவிட்டது

எங்க பழைய டீசல் வேன் காலையில் ஸ்டார்ட் ஆனதும் ஐடிலிங் (ஆக்ஸிலரேட்டரை மிதிக்காதபோது இன்ஜின் ஓடும் வேகம்) நிற்காமல் ஏறி இறங்குகிறது, சில நேரம் ஆஃப் ஆகிறது என்று கேட்டிருந்தேன். பலரும் இன்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்‌ஷன் பம்பைக் கழற்றி ரிப்பேருக்குக் கொடுக்கச் சொன்னீர்கள். அதற்குத் தேவையே வரவில்லை.

ஃபில்டருக்கும் இன்ஜெக்‌ஷன் பம்புக்கும் நடுவில், உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் டியூப் மாட்டிப் பார்க்கச் சொன்ன அண்ணனுக்கு நன்றி. இன்ஜின் ஓட ஓட டீசலோடு பொடிப்பொடியாகக் குமிழி! அப்படியென்றால் எங்கோ காற்று உள்ளே போகிறது. டேங்கிலிருந்து, டீசலை இழுத்துக் கொடுக்கும் ஃபீட் பம்பு வரை உறிஞ்சும் பக்கம். அங்கே விரிசல் விட்டால், ஓடும்போது டீசல் சொட்டாது, காற்றுதான் உள்ளே போகும். தரையில் ஒரு துளிகூட இல்லாததற்கு அதுதான் காரணம். அந்தப் பக்கத்து ஹோஸ் கிளிப்பைத் தொட்டதுமே துருவோடு கையில் வந்தது. அதற்கடியில் ரப்பர் ஹோஸ் வெடித்திருந்தது. கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரை உப்புக்காற்றுக்கு இரும்பெல்லாம் எம்மாத்திரம்.

ஹோஸ், கிளிப், கூடவே செம்பு வாஷர்களும் புதுசு போட்டாச்சு. உள்ளே நின்ற காற்றை வெளியேற்ற, ஃபில்டர் மேலுள்ள ஏர் ஸ்க்ரூவைத் தளர்த்தி, நுரை நின்று வெறும் டீசல் வரும்வரை ஹேண்ட் பம்பை அடித்தேன். இப்போது ஐடிலிங் நிதானம். நியூட்ரலில் லேசான அதிர்வு மட்டும் இருக்கிறது, இன்ஜின் மவுண்டிங் ரப்பரைப் பார்க்கணும்.