பொங்கல் விழா வாசலில் ட்யூட்டி முடிந்த போலீஸ்: இது சரியா?

நெல்லைக்காரன் (நியூ ஜெர்சி):
எங்கள் தமிழ்ச் சங்கம் பொங்கல் விழாவுக்கு உள்ளூர் ஹைஸ்கூல் அரங்கை வாடகைக்கு எடுக்கிறது. ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை: ட்யூட்டியில் இல்லாத போலீஸ்காரர்கள் இருவர், முழுச் சீருடையில், குறைந்தது நாலு மணி நேரம் இருக்க வேண்டும். சம்பளம் நம் கணக்கில், ஊர் நிர்வாகமான டவுன்ஷிப்புக்கு நிர்வாகக் கட்டணம் தனி. செலவு ஒரு பக்கம் இருக்கட்டும், போன வருடம் நடந்த ஒன்று எனக்கு இன்னும் உறுத்துகிறது.

பார்க்கிங்கின் கடைசி மூலையில் நாலு பையன்கள் ஸ்கேட்போர்டு ஓட்டிக்கொண்டிருந்தார்கள். யாருக்கும் தொந்தரவில்லை. எங்கள் பொருளாளர் போலீஸ்காரரிடம் போய், "இவங்க எங்க ஆளுங்க இல்லை" என்றார், அவ்வளவுதான். அவர் பெல்ட்டைச் சரிசெய்துகொண்டு மெதுவாக நடந்து போனார். பக்கத்தில் போகும் முன்பே பையன்கள் போர்டைக் கையில் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். அது அவர்கள் படிக்கிற பள்ளிக்கூடம். நாம் ஒரு சாயங்காலத்துக்கு வாடகைக்கு வந்தவர்கள். வியாழக்கிழமை கமிட்டி கூடுகிறது, உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

ஹூஸ்டன் சித்ரா:
தம்பி, ஒரு ஸ்கேட்போர்டை வைத்து இவ்வளவு யோசிக்கிறீர்களே! டெக்சாஸில் ஞாயிற்றுக்கிழமை எந்தப் பெரிய சர்ச் வாசலுக்கும் போய்ப் பாருங்கள், நடுரோட்டில் சீருடைப் போலீஸ்காரர்தான் கை காட்டிக்கொண்டிருப்பார். சர்ச் கொடுக்கும் சம்பளம் அது. இங்கே முழுநேரப் போலீஸ்காரர் செக்யூரிட்டி வேலை பார்க்கத் தனி லைசென்ஸ்கூட வேண்டாம், சட்டமே விலக்கு கொடுத்திருக்கிறது.

எங்கள் கோயிலில் ஒரு வருடம் காசு மிச்சம் பிடிக்கலாம் என்று தொண்டர்களுக்கு மஞ்சள் ஜாக்கெட் மாட்டி ரோட்டில் நிறுத்தினோம். ஒரு கார் நிற்கவில்லை. ஒருத்தர் கண்ணாடியை இறக்கிக் கெட்ட வார்த்தையில் திட்டிவிட்டுப் போனார். அடுத்த விசேஷத்துக்கு ஒரே ஒரு போலீஸ்காரர், நீல விளக்கு சுழலும் ஒரு கார், தெருவே அடங்கிவிட்டது. அப்புறம், 2012 ஆகஸ்டில் விஸ்கான்சின் ஓக் கிரீக் குருத்வாராவில் நடந்த துப்பாக்கிச் சூட்டை மறந்துவிட்டோமா? வாசலில் சீருடை நின்றால் வயதானவர்கள் நிம்மதியாக உள்ளே உட்காருகிறார்கள். அதற்கு விலை போட முடியுமா?

ராத்திரி ஷிஃப்ட்:
விலை போட்டுத்தானே வாங்குகிறீர்கள் அக்கா, பிரச்சினையே அதுதான். நான் நியூ ஆர்லியன்ஸில் படித்தவன். அங்கே இதற்கு 'டீடெய்ல்' என்று பேர். 2011-ல் அமெரிக்க நீதித்துறை அந்த ஊர்ப் போலீஸைப் பற்றி ஒரு அறிக்கை வெளியிட்டது. போலீஸ் துறையை நன்றாகக் கவனித்து வந்த ஒருவர் இந்த டீடெய்ல் முறையை 'ஊழலின் பெருநாடி' என்று சொன்னதாக அதில் எழுதியிருக்கிறார்கள். எந்தக் கடைக்கு யார் போவது என்று வேலை பிரித்துக் கொடுத்ததெல்லாம் போலீஸ்காரர்களே. ஸ்டேஷனில் தனக்குக் கீழே இருக்கும் ஆள்தான் சாயங்காலம் தனக்கு வேலை தருகிறவர் என்றால், எந்த மேலதிகாரி அவர் மேல் நடவடிக்கை எடுப்பார்?

இன்னொன்று, காசுள்ள தெரு தனக்கென்று ரோந்து வைத்துக்கொண்டது, இல்லாத தெரு 911 அவசர எண்ணை அழுத்திவிட்டுக் காத்திருந்தது. ராத்திரி பார் வாசலில் நின்றுவிட்டுக் காலையில் ரோந்துக்கு வருகிற ஆள் எவ்வளவு விழிப்போடு இருப்பார்? இதே அறிக்கை அந்தக் களைப்பையும் சொல்கிறது.

ஹூஸ்டன் சித்ரா:
சரி, அப்புறம் என்ன ஆனது என்பதையும் சொல்லுங்கள். வேலை பிரிக்கும் பொறுப்பைப் போலீஸ்காரர்களிடமிருந்து பிடுங்கி, நகர நிர்வாகம் தனி அலுவலகம் திறந்து அதனிடம் கொடுத்தது. 2013-ல் நீதிமன்றம் ஒப்புக்கொண்ட சீர்திருத்த உடன்படிக்கையில் இருந்த ஏற்பாடு அது. நியூயார்க் 1998-லிருந்தே இதைத் துறை வழியாக நடத்துகிறது, நகரத்துக்கு 10 சதவீதம் நிர்வாகக் கட்டணம். ஓட்டை இருந்தால் அடைக்கலாம், வேலையையே ஏன் ஒழிக்க வேண்டும்? பிள்ளைகளின் காலேஜ் ஃபீஸ் கட்ட எக்ஸ்ட்ரா வேலை பார்ப்பது அவர் உரிமை. நம் ஐடி ஆட்கள் வார இறுதியில் கன்சல்டிங் பண்ணுவதில்லையா?

ராத்திரி ஷிஃப்ட்:
உங்கள் ஐடி ஆள் கைது பண்ண மாட்டார்.

ஏட்டு மகன் (மதுரை):
குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். அப்பா தலைமைக் காவலராக ஓய்வு பெற்றவர். சித்திரைத் திருவிழா பந்தோபஸ்து என்றால் வீட்டுக்கு எப்போது வருவார் என்றே தெரியாது. ஆனால் அதெல்லாம் அரசாங்க ட்யூட்டி, அழகர் தனியாகச் சம்பளம் கொடுக்கவில்லை. நம் நாட்டில் 1861 போலீஸ் சட்டத்தின் 10-ஆம் பிரிவே, எழுத்துமூல அனுமதி இல்லாமல் போலீஸ்காரர் வேறு வேலை பார்க்கக் கூடாது என்கிறது. தனியார் கேட்டுக் காசு கட்டினால் கூடுதல் போலீஸ் அனுப்ப 13-ஆம் பிரிவு வழி வைத்திருக்கிறது. ஆனால் அனுப்புவது துறை, காசு போவது அரசாங்கத்துக்கு.

அதற்கே எதிர்ப்பு வந்தது. 2022-ல் கேரளாவில் கண்ணூர்ப் பக்கம் ஒரு கல்யாணத்துக்கு நாலு போலீஸ்காரர்களை, ஆளுக்கு 1,400 ரூபாய் வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள். போலீஸ் சங்கமே, 'கல்யாண வீட்டில் காட்சிப் பொருளாக நிற்கவா நாங்கள்' என்கிற தோரணையில் கிளம்பிவிட்டது. இங்கே செக்யூரிட்டி கம்பெனி ஆள் போலீஸ் மாதிரி உடுப்புப் போட்டாலே 2005 தனியார் பாதுகாப்பு நிறுவனச் சட்டப்படி ஒரு வருடம் வரை உள்ளே போகலாம். உங்கள் ஊரில் அசல் போலீஸே அசல் உடுப்பில் வாட்ச்மேன் வேலை பார்க்கிறார். கேட்கவே விசித்திரமாக இருக்கிறது.

ஹூஸ்டன் சித்ரா:
ஏட்டு மகன், கோபித்துக்கொள்ளாதீர்கள். நம் ஊரில் ஜவுளிக்கடைத் திறப்பு விழாவுக்கு நடிகை வந்தால் வாசலில் போலீஸ் நிற்பது யார் செலவில்? ஊர் வரிப்பணத்தில். இங்கே கடைக்காரர் பணம் கட்டுகிறார், ரசீதும் இருக்கிறது. எது நேர்மை?

ஏட்டு மகன்:
அது வாஸ்தவம். ஆனால் அந்தப் போலீஸ்காரரை அனுப்பிய இன்ஸ்பெக்டர் யார் என்று எனக்குத் தெரியும், புகார் கொடுக்க முடியும். சம்பளம் கடைக்காரர் கொடுத்தால் யாரிடம் போவது?

ராத்திரி ஷிஃப்ட்:
இந்தக் கேள்வி மினியாபோலிஸில் கிடக்கிறது. ஜார்ஜ் ஃப்ளாய்ட் என்கிற கறுப்பினத்தவரைக் கொன்ற போலீஸ்காரர் டெரக் சாவின், 'எல் நுவெவோ ரோடியோ' என்கிற கிளப்புக்கு வெளியே சுமார் 17 வருடம் ட்யூட்டி இல்லாத நேரத்தில் வேலை பார்த்தவர். கறுப்பின மக்கள் அதிகம் வரும் இரவுகளில் அவர் தேவைக்கு மேல் கடுமை காட்டினார், மிளகு ஸ்பிரேயைச் சட்டென்று எடுப்பார் என்று கிளப்பின் முன்னாள் உரிமையாளரே 2020-ல் செய்தியாளர்களிடம் சொன்னார். சம்பளம் கொடுத்தவருக்கு அவரைத் தண்டிக்க அதிகாரம் இல்லை. அதிகாரம் உள்ள துறை அந்த வாசலில் இல்லை.

நெல்லைக்காரன்:
ஃப்ளாய்டைக் கொன்றபோது சாவின் ட்யூட்டியில் இருந்தார். அதை இதோடு முடிச்சுப் போடுவது நியாயமா?

ராத்திரி ஷிஃப்ட்:
கொலைக்கு அந்த வேலை காரணம் என்று நான் சொல்லவில்லை. அத்தனை வருடம் ஒருவர் சீருடையில் எப்படி நடந்துகொண்டார் என்பது கிளப் வாசலோடு நின்றுவிட்டது, அதைச் சொல்கிறேன். ட்யூட்டி இல்லாத நேரத்தில் ஒரு போலீஸ்காரர் தப்பு செய்தால் வழக்கு எங்கே போகும் தெரியுமா? 1871-ல் வந்த சிவில் உரிமைச் சட்டப்படி, அரசு அதிகாரத்தின் பெயரில் உரிமையைப் பறித்தால் வழக்குப் போடலாம். ட்யூட்டியில் இருந்தாரா என்பதோடு கோர்ட் நிறுத்தாது. சீருடை, பேட்ஜ், கைது செய்தாரா என்று எல்லாவற்றையும் பார்க்கும். லாபம் கிளப்புக்கு, கோர்ட் படியேறுவது நகரம்.

நெல்லைக்காரன், உங்கள் மாநிலத்துக் கதையும் இருக்கிறது. ஜெர்சி சிட்டியின் முன்னாள் போலீஸ் தலைவரே, வீட்டுவசதி ஆணையத்தின் குடியிருப்பில் பாதுகாப்பு வேலை பார்த்ததாகப் பொய்க்கணக்கு எழுதி 31,000 டாலருக்கு மேல் வாங்கியதை 2018-ல் கோர்ட்டில் ஒப்புக்கொண்டார். போகவே இல்லை, சம்பளம் மட்டும் வந்தது. அப்போதைய மேயர் ஸ்டீவன் ஃபுலப் அந்த ஏற்பாட்டையே நிறுத்தப்போவதாக அறிவித்தார்.

ஹூஸ்டன் சித்ரா:
திருடன் எங்கேயும் இருப்பான். போலீஸைச் சேர்க்காவிட்டால் பள்ளிக்கூடம் அரங்கைத் தராது, அதற்கு என்ன பதில்? சீருடை இல்லாத தனியார் காவலரை வைக்கலாம் என்றால், அவருக்குப் பல இடங்களில் கொடுக்கும் பயிற்சி சில மணி நேரம்தான். அந்தப் பையன்களை அவர் கையைப் பிடித்து இழுத்திருப்பார். போலீஸ்காரர் நடந்துதான் போனார்.

நெல்லைக்காரன்:
அக்கா சொன்ன கடைசி வரியை நான் யோசித்திருக்கவில்லை. இருந்தாலும் என் உறுத்தல் பொருளாளர் மேல்தான். காவலாளி என்றால் அவர் போய்ச் சொல்லியிருக்கவே மாட்டார் என்று நினைக்கிறேன், போலீஸ் என்பதால் சொன்னார். கமிட்டியில் இப்படிக் கேட்கப்போகிறேன்: போலீஸ்காரரோடு பேசுவது ஒரே ஒரு ஆள். அவருக்குச் சொல்கிற வேலை ரோடு, பார்க்கிங், ஆம்புலன்ஸ் வழி, அவ்வளவே. விருந்தினர் அல்லாதவரைப் பற்றி நாம் வாயைத் திறக்கக் கூடாது.

ஹூஸ்டன் சித்ரா:
இது நல்ல ஏற்பாடு. சாப்பாட்டுக் கூப்பன் இரண்டு சேர்த்து எடுத்து வையுங்கள், எங்களுக்கு வந்தவர் வடையைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

ராத்திரி ஷிஃப்ட்:
கமிட்டி வாயை மூடிக்கொள்ளும், சரி. அவரே தானாகப் போய் யாரையாவது நிறுத்தி விசாரித்தால்? அந்த நேரத்தில் அவர் போலீஸா, உங்கள் ஆளா? இதை டவுன்ஷிப்பிடம் எழுத்தில் கேளுங்கள். போலீஸ்காரரின் சம்பள வவுச்சரில் கையெழுத்துப் போடும்போது வந்த நேரம், போன நேரம் இரண்டையும் நீங்களே எழுதுங்கள், வெற்றுத்தாளில் போட்டுவிடாதீர்கள். வடையைக் கொடுங்கள், அதற்கு நான் எதிரி இல்லை.