ஆர்ஓ தண்ணீரில் கீரை நாற்று தேறவில்லை, என்ன செய்யலாம்?

மாடிக்கீரை:
குரோம்பேட்டையில் மொட்டை மாடியில் என்எஃப்டி குழாய் (மண் இல்லாமல், சத்துக் கரைசல் மெல்லிய ஓட்டமாக வேரை நனைக்கும் முறை) வைத்து பாலக்கீரையும் லெட்யூஸும் போடுகிறேன். போர் தண்ணீர் டிடிஎஸ் (கரைந்த உப்பின் அளவு) 1400 பிபிஎம் வரை போகிறது, அதனால் நாற்றுக்கு ஆர்ஓ தண்ணீர்தான். முளைப்பு அருமை, ஆனால் விதையிலை தாண்டி இரண்டு இலை விட்டதும் புதுக் குருத்து சுருண்டு ஓரம் கருகுகிறது, கீழ் இலைகள் பச்சையாகவே நிற்கின்றன. 19:19:19 உரம் (நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாஷ் சம அளவு) பாதி அளவு கொடுக்கிறேன். சாஃப்ட்னர் தண்ணீரும் வீட்டில் வருகிறது, அதற்கு மாறலாமா?

நீர்வேர்:
குருத்தில் மட்டும் அடி விழுந்தால் கால்சியம்தான் முதல் சந்தேகம். அது ஒரு இலையில் சேர்ந்துவிட்டால் அங்கிருந்து வேறு இலைக்குப் போகாது, ஆகவே கீழ் இலை நன்றாக இருக்க, புது இலை தவிக்கும். மெக்னீசியம் குறைந்தால் நேர்மாறு, கீழ் இலைதான் நரம்புகளுக்கு நடுவே மஞ்சளாகும். ஆர்ஓ இரண்டையும் எடுத்துவிடுகிறது, விதையில் இருந்த சத்து தீரும்வரை தெரியாது, அவ்வளவுதான். 19:19:19ல் கால்சியமே கிடையாது, அதில் இருக்கும் நைட்ரஜனிலும் பெரும்பங்கு யூரியா, மண் இல்லாத இடத்தில் அது சரியாக வேலை செய்யாது, இசி மீட்டரிலும் (கரைந்த உப்பை மின்கடத்தலை வைத்து அளப்பது) காட்டாது. ஹைட்ரோபோனிக்ஸுக்கென்றே (மண் இல்லா வளர்ப்பு) இரண்டு பாட்டிலாக வரும் ஏ, பி சத்துக் கரைசலுக்கு மாறுங்கள். அதுவரை லிட்டருக்கு அரை கிராம் கால்சியம் நைட்ரேட் (சுமார் 95 பிபிஎம் கால்சியம்), கால் கிராம் எப்சம் உப்பு (மெக்னீசியம் சல்பேட்). தனித்தனியாகக் கரைத்துத் தொட்டியில் ஊற்றுங்கள், கெட்டியாக ஒன்றாகக் கலந்தால் ஜிப்சமாக அடியில் படிந்துவிடும். நாற்றுக்கு இசி 1 mS/cm பக்கத்தில் இருந்தால் போதும்.

செங்கீரை:
சாஃப்ட்னர் தண்ணீர் வேண்டவே வேண்டாம் சார்! கால்சியம், மெக்னீசியத்தை எடுத்துக்கொண்டு பதிலுக்குச் சோடியத்தை விடும், டிடிஎஸ் குறையவே குறையாது, இளவேர் தாங்காது. அப்புறம், நாற்று கோகோபீட்டிலா (தேங்காய் நார்த்தூள்)? வெறும் தண்ணீரில் மட்டும் கழுவிய பீட் என்றால் நீங்கள் போடும் கால்சியத்தை அதுவே பிடித்துக்கொண்டு சோடியம், பொட்டாசியத்தை வெளியே விடும். கால்சியம் நைட்ரேட் கரைசலில் ஒரு இரவு ஊறவைத்து அலசிவிட்டு விதையுங்கள்.

மாடிக்கீரை:
ஆமாம், கோகோபீட்தான், ஊறவைக்கவில்லை. போர் தண்ணீரையே கொஞ்சம் ஆர்ஓவில் கலந்தால் கால்சியம் கிடைக்காதா? குழாயில் வரும் மெட்ரோ தண்ணீரும் இருக்கிறது.

நீர்வேர்:
போர் தண்ணீர் வெறும் கடினத்தன்மை என்றால் ஒரு பங்குக்கு நாலு பங்கு ஆர்ஓ சேர்க்கலாம், டிடிஎஸ் 300 பக்கம் வரும், பைகார்பனேட்டும் கொஞ்சம் கிடைப்பதால் பிஎச் சட்டென்று ஆடாது. உப்புக் கரித்தால் தொடாதீர்கள், முதலில் ஒரு லேபில் சோடியம், குளோரைடு பார்த்துவிடுங்கள். மெட்ரோ தண்ணீரைக் குளோரின் வாசனை போகத் திறந்த வாளியில் காற்றுக் குமிழி விடும் ஏர்ஸ்டோன் போட்டு ஒரு நாள் வைத்துப் பயன்படுத்தலாம். எந்தத் தண்ணீர் ஆனாலும் பிஎச் 5.5 முதல் 6.5க்குள், தனி ஆர்ஓ என்றால் தினமும் பாருங்கள். ஏற்கெனவே சுருண்ட இலை நிமிராது, அதற்கடுத்த இலையை வைத்து முடிவு செய்யுங்கள்.